மூப்பை ஆராய எதைப் படிப்பது?

அன்புள்ள ஐயா,

அல்சூரில் இருக்கிறேன். இரண்டாம் பி.யு.சி. (பன்னிரண்டாம் வகுப்பு), இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் சேர்ந்த பி.சி.எம்.பி. பிரிவு. மூப்பு ஏன் வருகிறது, தள்ளிப்போட முடியுமா என்று ஆராய்வதையே தொழிலாகக் கொள்ள ஆசை. அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார், அம்மா எம்.பி.பி.எஸ். என்கிறார். எனக்கு பயோடெக்னாலஜி என்று தோன்றுகிறது. எது சரி?

ச., பெங்களூரு

அன்புள்ள ச.,

இந்தத் துறைக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். 2006ல் எலியின் முதிர்ந்த செல்லை நான்கு மரபணுக்களால் கருநிலைச் செல்லைப்போல மாற்றிக்காட்டிய யமனாகா, எலும்பு மருத்துவத்தில் பயிற்சி பெற்றவர். டி.என்.ஏ.வில் 353 இடங்களைப் பார்த்து வயதைக் கணிக்கும் முறையை 2013ல் வெளியிட்ட ஸ்டீவ் ஹோர்வத் கணிதக்காரர். மூப்பைப் பற்றி நூல் எழுதிய, நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு உயிரியல் படிக்க மறுபடியும் மாணவராகப் போனார்.

ஆகவே பட்டத்தின் பெயரை விடுங்கள். எந்த வேலையை அலுக்காமல் செய்வீர்கள் என்று பாருங்கள்.

ஒரே ஒரு மரபணு மாறினால் ஒரு புழு இரண்டு மடங்கு காலம் வாழும் என்று 1993ல் சிந்தியா கென்யன் குழு காட்டியது. அந்தப் புழு ஒரு மில்லிமீட்டர் நீளம், ஆயுள் இரண்டு மூன்று வாரம். ஆயுளை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? மைக்ராஸ்கோப்பில் குனிந்து, மெல்லிய பிளாட்டினக் கம்பியால் ஒவ்வொரு புழுவையும் தொடுவார்கள். அசைந்தால் உயிர் இருக்கிறது. தொட்டும் அசையாவிட்டால் இறந்ததாகக் குறித்துக்கொண்டு எடுத்துவிடுவார்கள். முட்டையிடும் நாட்களில் வளர்ந்த புழுக்களைப் புதுத் தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சுகளோடு கலந்துவிடும். தீபாவளியன்றும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். இதைப் படிக்கும்போது கை துறுதுறுத்தால் உயிரியல் உங்களுக்கானது.

மனிதர்களிடம் இப்படிச் செய்ய முடியாது. ஆராய்கிறவர் வாழ்கிற அளவுக்கே ஆராயப்படுகிறவரும் வாழ்கிறார். பக்கத்திலேயே, கோலார் மாவட்டம் ஸ்ரீனிவாசபுராவில், 45 வயதைத் தாண்டிய கிராமத்தினரை பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி. (இந்திய அறிவியல் கழகம்) வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்து வருகிறது. ஒருவருக்கு நினைவு மங்குவது வயதாலா, சர்க்கரையாலா, படிப்பு வாய்க்காததாலா என்று பிரித்துச் சொல்லப் புள்ளியியல் வேண்டும். இத்துறையில் என்னைக் கவலைப்பட வைப்பது, அந்தக் கணக்குத் தெரியாமல் மருந்து விற்க வருகிறவர்கள்தான்.

பயோடெக்னாலஜியை நான் சொல்லமாட்டேன். பல கல்லூரிகளில் எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொட்டுவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். எம்.பி.பி.எஸ். நல்ல வழிதான், ஆனால் உங்கள் கடிதத்தில் நோயாளிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்பா சொல்வதில் பாதி சரி: புரோகிராமிங் கட்டாயம் தெரிய வேண்டும், அதற்குத் தனிப் பட்டம் வேண்டியதில்லை.

என் யோசனை, ஐ.ஐ.எஸ்.சி.யின் நான்காண்டு ஆராய்ச்சிப் பட்டப்படிப்பு, அல்லது ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். தொடக்கத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாவற்றையும் படித்துவிட்டு, பிறகு பிரிவைத் தேர்ந்துகொள்ளலாம். கிடைக்கவில்லையென்றால் நல்ல கல்லூரியில் புள்ளியியல் பி.எஸ்சி. எடுத்து, உயிரியலைப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் பிஎச்.டி. ஐந்தாறு ஆண்டுகள் உதவித்தொகையில் ஓடும். அதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். கர்நாடக நுழைவுத்தேர்வான சி.இ.டி.யோடு நிறுத்தாமல் ஜே.இ.இ. மெயின், ஐசர் நுழைவுத்தேர்வு இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள்.