பயணம் போன இடத்திலிருந்து மூட்டைப்பூச்சி வீட்டுக்கு வராமல் இருக்க என்ன செய்வது?

கேள்வி: டாக்டர், வெளியூரில் ஒரு வாரம் விடுதியில் தங்கிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கை, கழுத்துப் பக்கமெல்லாம் தடிப்பு, ராத்திரியானால் ஒரே அரிப்பு. மூட்டைப்பூச்சியாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை வேறு. இதனால் ஏதாவது நோய் வருமா? கொண்டுபோன பெட்டி இன்னும் படுக்கையறையில்தான் கிடக்கிறது. அடுத்த மாதம் மறுபடி பயணம் இருக்கிறது, அப்போது எப்படித் தப்பிப்பது?

பதில்: முதலில் எழுந்துபோய் அந்தப் பெட்டியைப் படுக்கையறையிலிருந்து எடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். உதற வேண்டாம், தரையில் இழுத்துக்கொண்டும் போக வேண்டாம். இருந்த இடத்திலேயே ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் இறக்கி, வாயை இறுகக் கட்டி, பால்கனியிலோ வாசல் பக்கமோ வையுங்கள்.

நோய் பற்றிய பயம் வேண்டாம். மூட்டைப்பூச்சி கடித்து மனிதருக்கு நோய் பரவியதாக இதுவரை நிரூபணமாகவில்லை, கொசுவைப் போல மலேரியாவோ டெங்குவோ இது கொண்டுவராது. தூக்கம் கெடுவதும், சொறிந்து சொறிந்து புண்ணாகி அதில் கிருமி சேர்வதும்தான் இதில் உள்ள உண்மையான தொல்லை, அதுவே போதுமான தொல்லை.

தடிப்பை மட்டும் பார்த்து இது மூட்டைப்பூச்சிதான் என்று எந்த மருத்துவராலும் அடித்துச் சொல்ல முடியாது. வரிசையாக மூன்று நான்கு தடிப்பு இருந்தால் சந்தேகப்படுவோம், அவ்வளவுதான். சிலருக்குக் கடித்த சில மணி நேரத்திலேயே தடிக்கும், சிலருக்கு 14 நாள் வரைகூட ஆகும், ஒரே கட்டிலில் படுத்த இருவரில் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்து இன்னொருவருக்கு ஒரு புள்ளிகூட இல்லாமல் போவதும் உண்டு. அதனால் மூன்றாம் நாள் தெரிந்த தடிப்பு விடுதியில் கடித்ததாகவும் இருக்கலாம், வீட்டில் கடித்ததாகவும் இருக்கலாம். கட்டிலில் தடயம் இருக்கிறதா என்று தேடினால்தான் தெரியும். இன்றைக்கே தேடுங்கள்.

எங்கே, எதைத் தேடுவது? டார்ச்சை எடுத்துக்கொண்டு தலைமாட்டுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். விரிப்பை விலக்கி, மெத்தையின் விளிம்பைச் சுற்றி ஓடும் தடித்த தையலை விரலால் பிதுக்கிப் பாருங்கள். பேனா மையால் குத்தியது போன்ற கரும்புள்ளிகள் கூட்டமாக இருந்தால் அது பூச்சியின் கழிவு; ஈரத் துணியால் துடைத்தால் துருப்பிடித்த நிறத்தில் பரவும். வெளிர் மஞ்சளாக மெல்லிய உரித்த தோல்கள் கிடக்கலாம். வளர்ந்த பூச்சி 5 முதல் 7 மில்லிமீட்டர் இருக்கும், பழுப்பு நிறம், தட்டையான உடம்பு, கண்ணுக்கு நன்றாகவே தெரியும். முட்டை சுமார் 1 மில்லிமீட்டர்தான், அப்போதுதான் பொரிந்த குஞ்சு அதைவிடச் சற்றே பெரிது, இரண்டுமே வெளிறிய நிறம், அதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். மெத்தையோடு நிறுத்திவிடாமல் கட்டிலின் மூட்டுகள், தலைமாட்டுப் பலகையின் பின்புறம், பக்கத்து மேசையின் இழுப்பறை எல்லாவற்றையும் பாருங்கள்.

அடுத்த பயணத்தில் அறைக்குள் நுழைந்ததும் இதையே செய்யுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதுவரை பெட்டி குளியலறைத் தரையில் இருக்கட்டும், அங்கே ஒளிய இடம் குறைவு. அறை எவ்வளவு சுத்தமாக, விலையுயர்ந்ததாக இருந்தாலும் பாருங்கள், ஏனென்றால் இந்தப் பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை, நம் மூச்சுக் காற்றையும் உடல் சூட்டையும் தேடி வருகிறது. தடயம் தெரிந்தால் வேறு அறை கேளுங்கள், ஆனால் ஒட்டியுள்ள அறையோ நேர் மேலே, கீழே உள்ள அறையோ வேண்டாம், சுவர் விரிசல் வழியாகவும் குழாய் ஓட்டை வழியாகவும் அவை நடந்து போகும்.

மூட்டைப்பூச்சி பறக்காது, குதிக்காது, பேன் போல உடம்பில் தங்கவும் தங்காது. ஐந்து பத்து நிமிடம் ரத்தம் குடித்துவிட்டு ஒளிவிடத்துக்குத் திரும்பிவிடும். அப்படியென்றால் வீட்டுக்கு எப்படி வருகிறது? பெரும்பாலும் பெட்டியிலும் துணியிலும்தான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், துவைத்த துணி இருந்த பைகளைவிட உடுத்திய துணி இருந்த பைகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பூச்சிகள் போய்ச் சேர்ந்தன. நம் உடல் வாடை அதில் ஒட்டியிருக்கிறது அல்லவா! ஆகவே கழற்றிய துணியை நாற்காலியிலும் கட்டிலிலும் போடாமல், உடனே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். பெட்டியை எப்போதும் ஜிப் போட்டு மூடி, கட்டிலிலிருந்து தள்ளி வையுங்கள். இந்த இரண்டையும் செய்தாலே ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

திரும்பி வந்ததும் பெட்டியை வாசலிலேயே திறங்கள். உடுத்தியது, உடுத்தாதது என்று பார்க்காமல் எல்லாத் துணியும் சூட்டில் போக வேண்டும். துணி உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதிக சூட்டில் 30 நிமிடம் ஓட்டுங்கள், முட்டை உட்பட எல்லாம் சாகும். இல்லையென்றால் 60 டிகிரி சூட்டு நீரில் துவையுங்கள். குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டு அலசுவதை நம்பாதீர்கள். வெயிலில் காயப்போட்டால் போதாதா என்று பலர் கேட்பார்கள்: போதாது, வெயில் பட்டதும் பூச்சி மடிப்புக்குள் நிழல் தேடி நகர்ந்துவிடும், முட்டையோ பசை போட்டது போல் ஒட்டியிருப்பதால் உதறினாலும் விழாது. சூடு தாங்காத பொருளைப் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்குப் போகும் ஃப்ரீசரில் முழுதாக நான்கு நாள் வைக்கலாம்.

பெட்டியின் தையல், ஜிப் ஓரம், சக்கரக் குழி, உள்துணியின் மடிப்பு எல்லாவற்றையும் வாக்யூம் கிளீனரால் இழுத்துவிட்டு, அதன் தூசுப்பையை உடனே கட்டி வெளியே போடுங்கள். மூடியே வைத்தால் பட்டினியில் செத்துவிடும் என்று விட்டுவிட வேண்டாம், ரத்தம் கிடைக்காமலே பல மாதம் தாங்கும். கருவுற்ற ஒரே ஒரு பெண்பூச்சி வந்தால் போதும், நாளுக்கு ஒன்று முதல் ஐந்து முட்டை வரை இடும், அவை ஒரு வாரம் பத்து நாளில் பொரியும்.

தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்: பதற்றத்தில் கையில் கிடைத்த பூச்சி மருந்தை மெத்தையிலும் பெட்டிக்குள்ளும் அடிப்பது, மண்ணெண்ணெய் ஊற்றுவது. கடையில் கிடைக்கும் பல ஸ்ப்ரேக்களில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துக்கு மூட்டைப்பூச்சிகள் பெரும்பாலான இடங்களில் பழகிவிட்டன. பூச்சி சாகாது, அந்த மெத்தையில் படுக்கும் குழந்தைக்குத்தான் மூச்சுத் தொல்லை வரும். அந்துருண்டையும் வேண்டாம், அது மூட்டைப்பூச்சியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆனால் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அதன் நாப்தலீன் ரத்த அணுக்களையே உடைத்துவிடும். வீட்டில் பூச்சி உறுதியானால் பயிற்சி பெற்றவர்களை வரவழையுங்கள், அவர்களும் ஒருமுறை வந்து போனால் போதாது, முட்டை பொரிந்தபின் மறுபடி வர வேண்டியிருக்கும்.

சரி, உங்கள் அரிப்புக்கு வருவோம். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வையுங்கள். காலமைன் லோஷன் தடவலாம். அதிக அரிப்பு என்றால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பைச் சில நாட்களுக்கு மெல்லிதாகத் தடவலாம், ராத்திரி தூக்கம் வராவிட்டால் செட்டிரிசின் மாத்திரை உதவும். குழந்தைக்கு இவை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், எடை பார்த்துத்தான் அளவு. நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிவிடுங்கள். தடிப்பில் சீழ், சுற்றிலும் சூடு, காய்ச்சல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி அரிக்கிறதா, வீட்டில் மற்றவர்களுக்கும் தொடங்கியிருக்கிறதா? அப்படியானால் அது மூட்டைப்பூச்சியாக இல்லாமல் ஸ்கேபிஸ் எனும் சிரங்காக இருக்கலாம். அதுவும் ராத்திரியில்தான் அதிகம் அரிக்கும், ஆனால் ஒட்டிப் பழகுவதால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும், தோலுக்குள்ளேயே இருக்கும் நுண்ணுண்ணிக்குத் தனி மருந்து வேண்டும், வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும். இந்த அறிகுறிகள் இருந்தால் இரண்டு நாளுக்குள் தோல் மருத்துவரிடம் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.