பட்டனை அமுக்கியும் மோட்டார் கிளம்பவில்லையா? கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன்; மோட்டார் என்றுதான் இங்கே சொல்வோம். காலை இருட்டில் ரப்பர் பால்வெட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் போகிறவர்களுக்கு மோட்டார் கிளம்பாவிட்டால் அன்றைய சம்பளமே போச்சு. வந்த கேள்விகளில் கரண்டு சம்பந்தப்பட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். விலை குறைந்ததே போதும்.

கேள்வி: அண்ணே, பட்டனை அமுக்கினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி போன மாதம் மாற்றியது. ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது, புதுசு போடு என்கிறார்கள். போடலாமா?

பதில்: பொறுங்கள் தம்பி, அளந்து பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். அந்த ‘டக்’ சத்தம் ஸ்டார்ட்டர் ரிலேயிலிருந்து வருகிறது. பட்டனின் சின்னக் கரண்டைக் கொண்டு, இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பெரிய கரண்டை விடுகிற சுவிட்ச் அது. அப்படியானால் பட்டனும் அதன் மெல்லிய வயரும் வேலை செய்கின்றன. கோளாறு தடித்த வயர் போகும் பாதையில்தான்: பேட்டரி, ரிலே, ஸ்டார்ட்டர் மோட்டார், எர்த் (பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் உடம்போடு சேர்க்கும் இணைப்பு).

கியரை நியூட்ரலில் போட்டு, மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்துப் பேட்டரியின் இரண்டு முனையிலும் பிடியுங்கள். இரவு முழுக்க நிறுத்திய மோட்டாரில் 12.6க்கு மேல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.0 என்றால் ஏறக்குறைய காலி, முதலில் சார்ஜ் போடுங்கள். அடுத்து, மீட்டரை எடுக்காமல் பட்டனை அமுக்குங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பெரும்பாலும் பேட்டரிக்குச் சக்தி இல்லை. புதுப் பேட்டரி என்பதற்காக அதை விட்டுவிட வேண்டாம். அமிலம் ஊற்றிய உடனே, முதல் சார்ஜ் கொடுக்காமல் மாட்டிய பேட்டரி ஒரே மாதத்தில் நொண்டியடிப்பதை நிறையப் பார்க்கிறேன். நன்றாக இருக்கிற பேட்டரியும் இப்படி விழுந்தால், ஸ்டார்ட்டர் மோட்டார் உள்ளே இறுகிப்போய் அளவுக்கு மீறிக் கரண்டு இழுக்கிறது.

பட்டனை அமுக்கியும் 12க்குப் பக்கத்திலேயே நிற்கிறதா? அப்படியானால் கரண்டு போய்ச் சேரவில்லை. மீட்டரின் சிவப்பு முனையை ஸ்டார்ட்டர் மோட்டாரில் தடித்த வயர் மாட்டியிருக்கும் போல்ட்டிலும், கறுப்பு முனையை அந்த மோட்டாரின் உடம்பிலேயே சுத்தமான இடத்திலும் வைத்து அமுக்குங்கள். அங்கே 12 வோல்ட் வந்தும் சுற்றவில்லை என்றால் கோளாறு ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள். பல நேரம் உள்ளே சுற்றும் பாகத்துக்குக் கரண்டு கொடுக்கும் கார்பன் கட்டை தேய்ந்திருக்கும். கார்பன் மட்டும் கிடைத்தால் அதை மாற்றினாலே போதும், முழு மோட்டார் தேவையில்லை. அங்கே வோல்ட் வரவில்லை என்றால் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவுக்கு மாற்றி மறுபடி அமுக்குங்கள். இப்போது 12 காட்டினால் எர்த் சரியில்லை. அப்போதும் வரவில்லை என்றால் ரிலேயின் உள்தொடர்பு கருகியிருக்கும், அல்லது தடித்த வயரின் முனை பச்சை பிடித்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதோடு சரியாகி ஓடிய மோட்டார்கள் எத்தனையோ. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தை மோட்டாரில் ஏற்றிப் போகிறவர்கள் இந்த முனைகளை அடிக்கடி கழற்றிப் பாருங்கள். சிந்துகிற அமிலம் உலோகத்தை அரித்துவிடும்.

கேள்வி: எனக்கு ‘டக்’ சத்தம்கூட இல்லை அண்ணா. ஹாரன் நன்றாக அடிக்கிறது. ஸ்கூட்டர்.

பதில்: பிரேக்கை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு அமுக்கினீர்களா தங்கச்சி? ஸ்கூட்டரில் பிரேக் சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் ஸ்டார்ட்டருக்குக் கரண்டு போகாது. பிரேக் இழுக்கும்போது பின்விளக்கு கூடுதலாக எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் அந்தச் சுவிட்சோ பல்போதான். சைடு ஸ்டாண்டு சுவிட்ச் இருக்கிற வண்டியாக இருந்தால் அதில் ஒட்டியிருக்கும் செம்மண்ணைக் கழுவுங்கள்.

கேள்வி: மோட்டாரை நாலு நாள் நிறுத்தினால் பேட்டரி காலி. இரண்டாவது பேட்டரி இது. தோட்டத்து ரோட்டில் வெளிச்சமே இல்லை என்று இரண்டு ஸ்பாட்லைட் போட்டிருக்கிறேன். அதுதான் காரணமா?

பதில்: இருக்கலாம் ஐயா, ஆனால் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: சார்ஜ் ஏறுகிறதா, நிற்கும்போது ஒழுகுகிறதா.

இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் முறுக்கி, பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் நல்லது. 12 சொச்சத்திலேயே நின்றால், இன்ஜின் ஓடும்போது கரண்டு உண்டாக்கும் மேக்னட் காயிலையோ, அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி அளவோடு கொடுக்கும் ரெக்டிஃபையரையோ பார்க்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெக்டிஃபையர் போய்விட்டது, அது எத்தனை பேட்டரி போட்டாலும் கொன்றுவிடும். இதே அளவை ஸ்பாட்லைட் போட்டும் போடாமலும் எடுங்கள். 20 வாட் விளக்கு இரண்டு என்றால் 3 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெதுவாக ஓட்டும்போது சின்ன மோட்டாரின் காயிலால் அவ்வளவு கொடுக்க முடியாது, மீதியைப் பேட்டரிதான் கொடுக்கிறது.

நாலு நாளில் காலி என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது, அது ஒழுக்கு மாதிரி தெரிகிறது. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் வையுங்கள். அந்த நிலையில் தவறியும் சாவி போடாதீர்கள், ஸ்டார்ட்டர் பட்டனைத் தொடாதீர்கள், மீட்டரின் பியூஸ் போய்விடும். கம்பெனி வயரிங் மட்டும் உள்ள கப்சாயில் (ஈஎக்ஸ்5 மாதிரி சின்ன மோட்டாரில்) ஏறக்குறைய ஒன்றுமே காட்டக்கூடாது. 20 மில்லி ஆம்பியர் ஒழுகினாலே 5 ஆம்பியர்-மணி பேட்டரி 250 மணி நேரத்தில், அதாவது பத்து நாள் சொச்சத்தில், சுத்தமாகக் காலி. அலாரம், ஸ்பாட்லைட் ரிலே என்று பிறகு சேர்த்ததை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதில் எண் இறங்குகிறதோ அதுதான் திருடன். ஸ்பாட்லைட்டைச் சாவி வழியாக வேலை செய்யும் ரிலேயில், தனிப் பியூஸ் போட்டு இணைத்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இருட்டில் மாடு குறுக்கே வரும் ரோட்டில் வெளிச்சம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அப்பாவின் பழைய ஹோண்டா ஈஎக்ஸ்5, கார்ப்பரேட்டர் வண்டி. உதைத்தால் கிளம்புகிறது. பேட்டரியே இல்லாமல் ஓட்டலாமா?

பதில்: இன்ஜின் ஓடும், ஏனென்றால் அதன் ஸ்பார்க் பிளக்குக்கு வேண்டிய கரண்டை மேக்னட் காயில் நேராகக் கொடுக்கிறது. ஆனால் ஹாரன், சிக்னல், பிரேக் விளக்கு எல்லாம் பேட்டரியை நம்பியிருப்பவை. மெதுவாக ஓடும்போது அவை மங்கும் அல்லது வேலையே செய்யாது. பின்னால் லாரி வரும் ரோட்டில் பிரேக் விளக்கு இல்லாமல் அப்பாவை அனுப்பாதீர்கள். கார்ப்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் புது எஃப்ஐ மோட்டாரில் இந்த யோசனையே வேண்டாம். அதில் பெட்ரோல் பம்புக்கும் கரண்டு வேண்டும், பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் தள்ளினாலும் பெரும்பாலும் கிளம்பாது.

கேள்வி: மழையில் நனைந்தால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை.

பதில்: பிளக் தொப்பியைக் கழற்றித் துடைத்துக் காயவையுங்கள். அதன் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

கேள்வி: பியூஸ் திரும்பத் திரும்ப எரிகிறது. சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைப் பியூஸில் சுற்றி ஓட்டுகிறேன், பரவாயில்லையா மாமா?

பதில்: இன்றே எடுத்துவிடுங்கள் மருமகனே. பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும், பக்கத்திலேயே பெட்ரோல் டாங்கி இருக்கிறது. ஹேண்டிலை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் பியூஸ் போனால், கழுத்துப் பகுதியில் வயர் தேய்ந்து இரும்பில் படுகிறது. லயத்து வீட்டில் நிறுத்துகிறவராக இருந்தால் சீட்டைத் தூக்கி எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடித்த இடத்தை வெறும் டேப் சுற்றி விடாதீர்கள், ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சுருங்குகுழாய் (சூடு காட்டினால் சுருங்கி வயரை இறுக்கிப் பிடிக்கும் உறை) போடுங்கள். பிறகு அந்த வண்டிக்கு எழுதியிருக்கும் அதே ஆம்பியர் பியூஸ்.