பிள்ளையின் சர்க்கரையும் நம் கையில் இருக்கும் போனும்: கேட்டதற்குப் பதில்கள்

என் மகளுக்கு 6 வயதில் டைப் 1 சர்க்கரை என்று சொன்னார்கள், இப்போது அவளுக்கு 14. கோத்தகிரிப் பக்கம் இருக்கிறோம். இத்தனை வருஷம் குத்தி, எழுதி, ராத்திரி விழித்துக் கற்றதைச் சொல்கிறேன். இன்சுலின் அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது.

அக்கா, பையனுக்கு 8 வயது. கையில் ஒட்டியிருக்கிற சர்க்கரை சென்சார், போனில் 88 காட்டுகிறது, விரலில் குத்தினால் 64. எதை நம்புவது? (குன்னூர்)

விரலைத்தான் நம்பு தங்கச்சி. சென்சார் ரத்தத்தைப் பார்ப்பதில்லை, தோலுக்கு அடியில் இருக்கிற நீரைப் பார்க்கிறது, ரத்தத்தில் நடப்பது அங்கே தெரிய 5, 10 நிமிஷம், சில நேரம் 15 கூட ஆகும். சர்க்கரை ஒரே நிலையில் இருக்கும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, மளமளவென்று இறங்கும்போதுதான் ஏமாற்றும். நம் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே மேடுதானே. எங்கள் வீட்டுக்குத் தேயிலைத் தோட்டத்து வழியே ஏறி வர 20 நிமிஷம், ஒரு நாள் ரோட்டில் 112 இருந்தவள் வாசலுக்கு வந்தபோது உதடு வெளுத்து, ஸ்வெட்டருக்குள் வேர்த்து, பையைத் தோளிலிருந்து கழற்றத் தெரியாமல் நின்றாள். குத்திப் பார்த்தால் 58. அதிலிருந்து எண்ணுக்கு முன்னால் அதன் பக்கத்தில் இருக்கிற அம்புக்குறியைப் பார்க்கிறோம், கீழ்நோக்கி இருந்தால் ஏறுவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுவாள்.

70க்குக் கீழே போனால், 25 கிலோ பிள்ளைக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலக்கி, 15 நிமிஷம் கழித்து மறுபடி விரலில் பார். வர்க்கி வேண்டாம், அதில் இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும்.

ஸ்கூலில் போன் கூடாது என்கிறார்கள். சென்சார் வாங்கியது வீணா? (கூடலூர்)

வீணில்லை தம்பி. லிப்ரே மாதிரி ஸ்கேன் செய்கிற சென்சார் 8 மணி நேரக் கணக்கைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். காலையில் கிளம்பும்போது ஒரு தடவை, சாயங்காலம் வந்ததும் ஒரு தடவை ஸ்கேன் செய்தால் நடுவில் நடந்தது கோடாக வந்துவிடும், 8 மணி நேரம் தாண்டினால் பழையது போய்விடும். ஆனால் கோடு வீட்டுக்கு வந்த பிறகுதானே தெரியும், அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ள கிளாஸ் டீச்சர்தான் வேண்டும், சர்க்கரை இறங்கினால் பிள்ளை எப்படி இருப்பான் என்று அவரிடம் நேரில் சொல்லுங்கள். சிபிஎஸ்இ 2017லேயே பொதுத் தேர்வு அறைக்குள் இந்தப் பிள்ளைகள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதித்துவிட்டது, தலைமை ஆசிரியரிடம் பேசும்போது அதையும் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பிய மீட்டரில் 7.1 என்று வருகிறது, பயமாக இருக்கிறது. (மஞ்சூர்)

பயப்படாதீர்கள், அது வேறு அளவு. 18ஆல் பெருக்குங்கள், நம் ஊர் அளவில் 128 வரும்.

என்னிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, பேத்தியைப் பார்த்துக்கொள்வது நான். (கேத்தி)

போதும்மா. ஊசி நேரங்களுக்கு அலாரம், கையில் ஒரு நோட்டு. வாரம் ஒருமுறை பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் நோட்டைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

மகள் ஆப்பில் எழுதுவதெல்லாம் நல்ல எண்கள், ஆனால் மூன்று மாத சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனையில் (HbA1c) 10 சதவீதம் வந்திருக்கிறது. (ஊட்டி)

இது எங்கள் வீட்டிலும் நடந்தது. ஆப்பில் 126, 131, 128, 126. மீட்டரின் மெமரியைத் தட்டிப் பார்த்தேன், அந்த நாட்களில் பாதி நேரம் அவள் குத்தவே இல்லை, குத்தியதெல்லாம் 280, 310. கேட்டதற்கு, "நீ போனைப் பார்த்ததும் உன் முகம் மாறுதும்மா" என்றாள். தப்பு என் பக்கம். 300ஐப் பார்த்ததும் "என்ன தின்னே?" என்று கேட்டே பழகியிருந்தேன். இந்த நோய் இனிப்புத் தின்று வந்ததில்லை, உடம்பே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது, வளர்கிற வயதில் ஒரு காரணமும் தெரியாமல்கூட எண் ஏறும். இப்போது எண்ணைப் பார்த்தால் "சரி, என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்கிறேன். ஸ்கூல் நேரத்தில் என் போனில் அவளுடைய சர்க்கரைக் கோட்டைத் திறந்து பார்ப்பதையும் விட்டுவிட்டேன், அது எனக்குச் சுலபமாக வரவில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்ததில் 8.4.

உறைபனி நாளில் இன்சுலினை எப்படி வைப்பது? கரண்ட் போனால்? (தலைகுந்தா)

உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, பார்க்கத் தெளிவாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். ஜன்னலோரம், ஸ்கூட்டர் பெட்டி கூடாது, பயணத்தில் ஸ்வெட்டரின் உள்பையில் வையுங்கள். பிரிக்காததை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில், ஃப்ரீசரை ஒட்டாமல். குளிரில் போன் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் கொட்டிய மழையை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதிரி நாளுக்கு டாக்டர் எழுதிய அளவுகள் காகிதத்திலும் இருக்கட்டும், மீட்டரும் ஸ்ட்ரிப்பும் கூடுதலாக இருக்கட்டும். வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குதல் இருந்தால் போனில் எந்த எண் இருந்தாலும் சரி, சாப்பிடவில்லையே என்று இன்சுலினை நிறுத்தாமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.