வலையொலி: காதால் கேட்க இயலாதவரும் பின்தொடர என்ன செய்யலாம்?

கேள்வி: நானும் என் நண்பரும் வாரந்தோறும் நாற்பது நிமிட நேர்காணல் ஒன்றைப் பாட்காஸ்டாக வெளியிடுகிறோம். செவித்திறன் குறைந்த நேயர் ஒருவர், "பாதிதான் விளங்குகிறது, எழுத்தில் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். எங்களுக்கு உதவியாளர் எவரும் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: அவர் கேட்டதிலிருந்தே தொடங்குங்கள். ஒலி மட்டுமே உள்ள பதிவுக்கு ஈடான எழுத்துவடிவம் இருக்க வேண்டும் என்பது, இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் இணைய அணுகல் வழிகாட்டுதல்களில் 2008 முதலே அடிப்படையான ‘ஏ’ நிலை விதியாக உள்ளது. காதும் கண்ணும் இயலாத ஒருவர்கூட, பிரெயில் தெரிந்திருந்தால், அந்த எழுத்தைப் பிரெயில் கருவியில் விரலால் தடவிப் படித்து உங்கள் நேர்காணலை அறியலாம்.

விஸ்பர் போன்ற மென்பொருள்கள் தமிழ்ப் பேச்சையும் எழுத்தாக்கித் தரும். அதை முதல் வரைவாக மட்டும் கொள்ளுங்கள். பெயர்களிலும் எண்களிலும், இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடங்களிலும் அது தடுமாறும். மருத்துவர் ஒருவர் ‘மருந்தை நிறுத்தாம சாப்பிடணும்’ என்று சொல்லியிருக்க, அதில் ‘நிறுத்தாம’ என்பது ‘நிறுத்தலாம்’ என்று விழுந்துவிட்டால், படிப்பவருக்குப் போய்ச் சேர்வது நேர்மாறான அறிவுரை. ஆகவே, பதிவைக் கேட்டபடியே ஒருவர் வரிவரியாகத் திருத்தியாக வேண்டும். இதற்குப் பதிவின் நீளத்தைப் போலப் பல மடங்கு நேரம் பிடிக்கும் என்பதால், புதிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பழையவற்றில் அதிகம் கேட்கப்படுவனவற்றைப் பிறகு சேர்க்கலாம்.

பேச்சுத் தமிழை அப்படியே எழுதுவதா, எழுத்துத் தமிழுக்கு மாற்றுவதா என்ற குழப்பம் வரும். பேசியவரின் சொற்களையும் வரிசையையும் காப்பாற்றி, இடைவிடாது வரும் ‘வந்து’, ‘அதாவது’ போன்றவற்றை நீக்கி, ஒரு சொல்லுக்கு ஒரே எழுத்துக்கூட்டலைக் கடைசிவரை பின்பற்றுவதே சரி என்பது என் கருத்து. முழுக்க உரைநடையாக்கினால் அவருடைய குரலின் சாயல் போய்விடுகிறது. பேசுபவரின் பெயரை ஒவ்வொரு முறையும் குறிப்பிடுங்கள். [சிரிப்பு], [நீண்ட மௌனம்] என்பவற்றையும் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் ஒரு கேள்விக்குப் பிறகு வரும் மௌனமும் பதில்தான். இவ்வளவையும் பகுதிக்கொரு தலைப்போடு இணையப் பக்கத்தில் எழுத்தாகவே இடுங்கள். படமாக இட்டால், திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான்களால் அதைச் சரிவரப் படிக்க இயலாமல் போகலாம். எந்த வரி எந்த நேரத்தில் வருகிறது என்ற குறிப்புள்ள விடிடி (.vtt) கோப்பையும், செயலிகளுக்கு உங்கள் பதிவுகளைக் கொண்டுசேர்க்கும் ஊட்டத்தில் (ஃபீட்) இணைத்தால், அதை ஆதரிக்கும் செயலிகளில் ஒலியோடு சேர்ந்தே எழுத்து ஓடும்.

அடுத்தது ஒலி. உங்கள் நேயரைப் போல ஓரளவு கேட்கக்கூடியவர்களுக்குப் பேச்சின் அடியில் ஓடும் இசைதான் பெரிய இடைஞ்சல். பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும் என்று அதே வழிகாட்டுதல்களின் உயர்நிலை விதி கூறுகிறது. பேச்சின்போது இசையே வேண்டாம் என்பேன். ஆளுக்கொரு மைக் வைத்து, இருவர் குரலும் ஒரே அளவில் ஒலிக்குமாறு சமன்படுத்துங்கள். ஒருவர் குரலை இடப்பக்கத்திலும் மற்றவர் குரலை வலப்பக்கத்திலும் ஒதுக்கினால், ஒரு காது மட்டுமே கேட்பவருக்கு உரையாடலில் ஓர் ஆள் காணாமல் போகிறார். பேச்சுக்கு, இரு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோவே போதும். விநாடிக்கு 64 கிலோபிட் அளவில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 29 மெகாபைட்தான் ஆகும் என்பதால், இணைய வேகம் குறைந்தவர்களுக்கும் அது உதவும்.

பதிவின்போது விருந்தினர் ஒரு படத்தைக் காட்டி "இதைப் பாருங்க" என்றால், அதில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் உடனே சொல்லிவிட வேண்டும். இணையப் பக்கத்தில் பதிவை ஓடவிடும் பிளேயரையும் சோதியுங்கள். கைபேசியிலேயே உள்ள திரைவாசிப்பானை (ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர்) இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு பதிவை ஓடவிட்டு நிறுத்திப் பாருங்கள். இயக்கும் பொத்தானுக்கு வந்ததும் வெறுமனே ‘பொத்தான்’ என்று மட்டும் கேட்டால், அதற்குப் பெயரிடப்படவில்லை என்று பொருள்.

முதல் எழுத்துவடிவம் தயாரானதும், வெளியிடுவதற்கு முன் அந்த நேயருக்கே அனுப்பி, எந்த இடத்தில் தடுக்கியது என்று கேளுங்கள்.