இனம் கேட்கும் கட்டமும் குடியுரிமை கேட்கும் கட்டமும்

தம்பி, எச்-1பி விசாவில் அமெரிக்கா வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் ஐந்து படிவங்களில் உங்கள் இனத்தைக் கேட்டுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். "ஏஷியன் போடுவதா, அமெரிக்கன் இந்தியன் போடுவதா, காலியாக விடுவதா, போட்டால் பின்னால் கிரீன் கார்டுக்குச் சிக்கல் வருமா" என்பது உங்கள் கேள்வி. அடுத்த வாரம் மனைவியோடு டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போவதாகவும் சொல்கிறீர்கள். இனக் கட்டத்தால் உங்கள் கிரீன் கார்டுக்கு ஒரு பாதிப்பும் வராது. பயப்பட வேண்டிய கட்டம் வேறொன்று. அது அந்த லைசென்ஸ் அலுவலகத்தில்தான் காத்திருக்கிறது.

முதலில் இனம். 'ஏஷியன்' என்பதில் டிக் அடியுங்கள். உட்பிரிவு கேட்டால் 'ஏஷியன் இந்தியன்'. இலங்கைத் தமிழர்கள் 'மற்ற ஏஷியன்' என்ற இடத்தில் ஸ்ரீலங்கன் என்று எழுதிக்கொள்ளலாம். 'அமெரிக்கன் இந்தியன்' என்பது இந்த மண்ணின் பூர்வகுடிகளைக் குறிக்கும். 'இந்தியன்' என்ற சொல்லைப் பார்த்ததும் நம்மவர்கள் பலர் அதில் அடித்துவிடுகிறார்கள். ஏற்கெனவே எண்ணிக்கையில் சிறிய அந்த மக்களின் கணக்கு அதனால் குழம்புகிறது. அடித்திருந்தால் எச்ஆரிடம் சொல்லி மாற்றிவிடுங்கள். 'இஸ்பானிக் அல்லது லத்தீனோவா', அதாவது ஸ்பானிய அல்லது லத்தீன் அமெரிக்க வம்சாவளியா என்று தனியாக ஒரு கேள்வி இருந்தால், 'இல்லை'. 2024 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த விதி இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கி, மத்தியக் கிழக்கு - வட ஆப்பிரிக்கா என்ற கட்டத்தையும் சேர்த்தது. பழைய படிவங்களும் புழக்கத்தில் இருப்பதால் இரண்டு வகையும் உங்கள் கைக்கு வரும்.

காலியாக விடலாமா? விடலாம். ஆனால் எல்லா இடத்திலும் அது காலியாகவே இருந்துவிடாது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்கள் ஊழியர்களின் இனவாரிக் கணக்கை ஆண்டுதோறும் அரசுக்குக் கொடுக்க வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால், உங்களைப் பார்த்து அவர்களே ஒன்றைக் குறித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போதும் இதே கதைதான். யாரோ முகத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட நீங்களே எழுதுவது மேல். மருத்துவமனையில் 'சொல்ல விரும்பவில்லை' என்று போட்டாலும் சிகிச்சையில் வித்தியாசம் இருக்காது.

இந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் அவற்றின் மீது இருக்கும் பயம் போய்விடும். 1790-ல் எடுத்த முதல் சென்சஸிலேயே மக்களைச் சுதந்திரமான வெள்ளையர், மற்ற சுதந்திர மனிதர்கள், அடிமைகள் என்று பிரித்துத்தான் எண்ணினார்கள். அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், வெளிநாட்டிலிருந்து வருபவர்களில் 'சுதந்திரமான வெள்ளையர்' மட்டுமே குடிமகனாகலாம் என்றது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1870-ல், ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள். ஆசியர்களுக்கு அப்போதும் வாசல் திறக்கவில்லை. ஆக, அன்றைக்கு இனக் கட்டமும் குடியுரிமைக் கட்டமும் ஒன்றேதான்.

நம் ஆட்களுக்கு அது எப்படி இடித்தது என்பதற்கு பகத் சிங் திண்ட் வழக்கு போதும். பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். 1918-ல் கிடைத்த குடியுரிமை நான்கே நாளில் பறிபோனது; 1920-ல் ஓரிகனில் மறுபடி கிடைத்தது; அரசு மேல்முறையீட்டுக்குப் போக, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. அங்கே போன கேள்வி எப்படி எழுதப்பட்டிருந்தது தெரியுமா? அமிர்தசரஸில் பிறந்த, முழு இந்திய ரத்தம் கொண்ட 'உயர்சாதி இந்து' ஒருவர் வெள்ளையரா என்று. நான் ஆரியன், ஆகவே காக்கேசியன் (வெள்ளையரை உள்ளடக்கியதாக அன்றைய இனவியல் வகுத்த பிரிவு), எங்கள் சாதியில் கலப்பு கிடையாது என்பதுதான் அவர் தரப்பு வாதம். மூன்று மாதம் முன்புதான் ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசியர் என்று சொல்லி அவருடைய மனுவைத் தள்ளியிருந்தார் நீதிபதி சதர்லேண்ட். 1923 பிப்ரவரியில் அதே நீதிபதி, அறிவியல் என்ன சொன்னாலும் சரி, சாதாரண மனிதன் எதை வெள்ளை என்று புரிந்துகொள்கிறானோ அதுதான் வெள்ளை என்று எழுதி திண்டையும் தள்ளினார். தீர்ப்பு ஒருமனதானது.

அதன் பிறகு ஏற்கெனவே குடிமக்களாகியிருந்த இந்தியர்களின் குடியுரிமையையும் பறித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் குடியுரிமையையும், அதோடு, குடியுரிமை பெற முடியாதவர்கள் நிலம் வைத்திருக்கத் தடை போட்ட கலிபோர்னியாவின் நிலச் சட்டத்தால் சொத்துரிமையையும் இழந்து, 1928-ல் தற்கொலை செய்துகொண்டார். ஒரு கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரு உயிரின் விலையாக இருந்த காலம் அது. 1946-ல்தான் இந்தியர்கள் குடிமக்களாகலாம் என்று சட்டம் மாறியது. ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம் என்றும் ஒரு அளவு வைத்தார்கள். 1952-ல் குடியுரிமைக்கான இனத்தடை எல்லோருக்கும் முழுதாக நீங்கியது. 1965 சட்டம் நாட்டுவாரிப் பழைய ஒதுக்கீட்டை ஒழித்தது. உங்களையும் என்னையும் போன்றவர்கள் வந்த வழி அதுதான்.

சென்சஸில் 1920 முதல் 1940 வரை நம் இனத்தின் பெயர் 'இந்து'. 1970-ல் நம்மை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். அது வேண்டாம், எங்களுக்குத் தனி இடம் கொடுங்கள் என்று இங்கிருந்த இந்திய அமைப்பினரே கேட்டார்கள். சிவில் உரிமைச் சட்டங்கள் வந்த பிறகு, பாகுபாட்டை நிரூபிக்க எண்ணிக்கை வேண்டியிருந்தது. 1980 சென்சஸில்தான் 'ஏஷியன் இந்தியன்' கட்டம் வந்தது. விலக்கிவைக்கப் போட்ட கட்டம் பாதுகாப்புக்கான கட்டமாக மாறியது இப்படித்தான். சென்சஸ் விசா பார்ப்பதில்லை; இங்கே வசிக்கிற எல்லோரையும் எண்ணி அதை வைத்தே நாடாளுமன்றக் கீழ்ச்சபையின் 435 இடங்களையும் மாநிலங்களுக்குப் பிரிக்கிறார்கள். வாக்கு இல்லாத நீங்களும் அந்தக் கணக்கில் ஒருவர். வீட்டு மொழி என்ன என்று கேட்கும் ஆய்வுப் படிவம் தபாலில் வந்தால் தூக்கிப் போடாமல் 'தமிழ்' என்று எழுதி அனுப்புங்கள். அதற்குப் பதில் சொல்வது சட்டப்படி கட்டாயமும்கூட.

சாதிக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. அதனால் அது இங்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்தது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். கலிபோர்னியாவில் அதே ஆண்டு சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். அலுவலகத்தில் ஊர் எது, சைவமா என்று சுற்றிவளைத்துக் கேட்கும் வழக்கத்தை நீங்கள் கையில் எடுக்காதீர்கள். இனத்தையோ பிறந்த நாட்டையோ வைத்து வேலையில் உங்களை ஒதுக்கினால், 15 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் என்றால் 1964 சிவில் உரிமைச் சட்டப்படி புகார் செய்யலாம். விசாவில் இருப்பவருக்கும் அந்த உரிமை உண்டு. காலக்கெடு 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள்.

இப்போது பயப்பட வேண்டிய கட்டம். வேலையில் சேரும் முதல் நாளுக்குள், வேலை செய்யும் அனுமதியைச் சரிபார்க்கும் ஐ-9 என்ற படிவத்தின் முதல் பகுதியை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். அதில் நான்கு கட்டங்கள்: குடிமகன், குடிமகன் அல்லாத 'நேஷனல்', கிரீன் கார்டு உள்ளவர், குறித்த தேதி வரை வேலை செய்ய அனுமதி பெற்ற வெளிநாட்டவர். உங்களுக்கு உரியது நான்காவது. தேதியை, நாட்டுக்குள் வந்ததைப் பதிவு செய்யும் ஐ-94-லிருந்து எடுத்து எழுதுங்கள். அவசரத்தில் முதல் கட்டத்தில் அடித்தால், குடிமகன் என்று பொய் சொன்னதாக ஆகிவிடும். 1996 சட்டப்படி அது கிரீன் கார்டுக்கு ஆயுள் தடை. விதிவிலக்கு மிகமிகக் குறைவு. தவறை உடனே பார்த்தால் ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதைக் குறித்து, முதலெழுத்தும் தேதியும் போடுங்கள். வெள்ளை மை பூசக் கூடாது.

லைசென்ஸ் அலுவலகத்தில் ஆபத்து இன்னும் எளிதாக நடக்கும். 1993 சட்டப்படி பெரும்பாலான மாநிலங்களில் அங்கேயே வாக்காளர் பதிவும் செய்கிறார்கள். கவுண்டரில் இருப்பவர் பத்துக் கேள்விகளை மூச்சுவிடாமல் கேட்பார். உறுப்பு தானம் செய்கிறீர்களா என்பதற்கு 'யெஸ்' சொன்ன வேகத்திலேயே, வாக்காளராகப் பதியவா என்பதற்கும் 'யெஸ்' வந்துவிடும். உங்கள் மனைவியிடம் சொல்லி வையுங்கள்: அந்தக் கேள்விக்குப் பதில் "நோ, ஐ ஆம் நாட் எ சிட்டிசன்". தொடுதிரையில் கையெழுத்துப் போடுமுன் மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். அச்சுப்பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சரியாகச் செய்தாலும் அலுவலகம் தவறு செய்யலாம். 2018-ல் கலிபோர்னியாவிலும் 2024-ல் ஓரிகனிலும் குடிமக்கள் அல்லாதவர்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் ஏறியது வெளிச்சத்துக்கு வந்தது.

தேர்தல் நேரத்தில் சென்னைத் தொடர்பு உள்ள வேட்பாளர்களைப் பார்த்தால் மனம் இளகும். கமலா ஹாரிஸின் தாய் சென்னைக்காரர், வாஷிங்டன் மாநில அரசியல்வாதி பிரமிளா ஜெயபால் சென்னையில் பிறந்தவர். ஆனாலும் எச்-1பி-யில் இருக்கும்வரை எந்தத் தேர்தலுக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. பிரசார டி-ஷர்ட் வாங்குவதும் நன்கொடைதான். கிரீன் கார்டு வந்த பிறகு கொடுக்கலாம். ஊதியம் வாங்காமல் தொண்டராக உதவ இப்போதே தடையில்லை. நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிக்கு அழைப்பு வந்தால், குடிமகன் இல்லை என்ற கட்டத்தில் குறித்துத் திருப்பி அனுப்புங்கள், அலட்சியமாக விட்டுவிடாதீர்கள்.

வாக்காளர் அட்டை உங்கள் பெயருக்குத் தபாலில் வந்துவிட்டால், அதை வைத்து வாக்களிக்கவே கூடாது. முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். அவர் சொல்படி கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிப் பெயரை நீக்கி, நீக்கியதற்கான கடிதத்தைக் கையில் வாங்குங்கள். அதை லைசென்ஸ் அலுவலகத்தின் அச்சுப்பிரதியோடு ஒரே கோப்பில் வையுங்கள். பல ஆண்டு கழித்து நீங்கள் நிரப்பப்போகும் என்-400 குடியுரிமை விண்ணப்பத்தில், 'எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா' என்று கேட்பார்கள்.