முதலில் எட்டுத் தாளை மடியுங்கள்

கேள்வி: எங்கள் மனையியல் துறை மாணவிகள் சேர்ந்து, ஊர்ச் சமையல் பற்றி 32 பக்க இதழ் கொண்டுவருகிறோம். ஏ4 அளவு, சென்டர் பின், 500 பிரதி. பாதிப் பக்கங்களுக்குத்தான் கலர் கட்டுப்படியாகும். அட்டைப்படம் தயார். அடுத்து என்ன செய்வது?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: அட்டைப்படம் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். எட்டு வெள்ளைத்தாள்களை அடுக்கி, நடுவில் மடித்து, பின் அடித்து, 1 முதல் 32 வரை எண் போடுங்கள். அச்சகத்தில் இதை டம்மி என்பார்கள். பின்னைக் கழற்றி வெளித்தாளைப் பாருங்கள்: 1, 2, 31, 32 நான்கும் அதில்தான் இருக்கும். ஆக, 5-ம் பக்கத்தைக் கலராக்கினால் அதன் ஜோடியான 28-ம் பக்கமும் அதே கலர் ஓட்டத்தில்தான் வரும்.

ஆஃப்செட்டில் 16 பக்கத்தை ஒரு பாரமாக (இரு முகமும் அச்சிட்டு மடிக்கும் ஒரே பெரிய தாளாக) ஓட்டினால் உங்களுக்கு இரண்டு பாரம், ஒன்றுக்குள் ஒன்று. வெளிப் பாரத்தில் 1–8, 25–32. உள் பாரத்தில் 9–24. கலருக்கு உரிய இடம் உள் பாரம். தாளின் ஒவ்வொரு முகத்திலும் ஒவ்வொரு மைக்கும் ஒரு பிளேட் (அச்சுத்தகடு) வேண்டும். கலருக்கு நான்கு மை, ஆக எட்டு பிளேட் போதும். கறுப்பு மட்டும் ஓடும் வெளிப் பாரத்துக்கு இரண்டு. கலர்ப் படங்களை 5, 14, 21, 30 என்று தூவிவிட்டால் இரண்டு பாரமும் கலர் ஆகிவிடும், பதினாறு பிளேட்! சின்ன மிஷினில் 8 பக்கப் பாரமாக ஓட்டினாலும் 9–24 என்ற கணக்கு மாறாது. பிரதி நூறு, நூற்றைம்பது என்று குறைந்தால் டிஜிட்டலுக்கும் விலை கேளுங்கள். அங்கே பிளேட் கிடையாது.

சமையல் குறிப்புகள், படங்கள் எல்லாம் நடுவில், 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) ஆர்ட் பேப்பரில் வரட்டும். பேட்டி, சந்தைக் கட்டுரை, பாட்டிமார் சொன்ன பக்குவம் போன்றவை வெளிப் பாரத்தில், 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் (பளபளப்பில்லாத அச்சுத்தாள்). ரேப்பர், அதாவது அட்டை, நான்கு பக்கம் தனிக்கணக்கு.

டம்மியில் கட்டுரைத் தலைப்புகளைப் பென்சிலால் எழுதுங்கள், எப்படியும் நாலு முறை அழிப்பீர்கள். நீளமான சமையல் குறிப்பு இரட்டை எண் பக்கத்தில் தொடங்கி எதிர்ப்பக்கத்தில் முடியவேண்டும். மாவுக்கையோடு நிற்பவர் பக்கம் புரட்ட மாட்டார். நடுத்தாள்கள் மடிப்பில் வெளியே பிதுங்கும். கட்டிங்கில் அவைதான் அதிகம் வெட்டுப்படும். பக்க எண்ணை ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளுங்கள். ஓரம்வரை போகும் படத்துக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைக்கோடு விழும்.

கேள்வி: மூன்று பத்தியாக அமைத்தோம். வரிகளுக்குள் பெரிய பெரிய ஓட்டை. சில இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன.
– இதழ்க் குழு, கோவை

பதில்: ஓட்டைக்குக் காரணம் பத்தியின் குறுகல். ஏ4-இல் மூன்று பத்தி வைத்தால் ஒன்று ஏறக்குறைய 55 மில்லிமீட்டர்தான். ‘வதக்கிக்கொள்ளவேண்டும்’ என்ற ஒரே சொல் பாதி வரியை விழுங்கிவிடும். மிச்சச் சொற்களை இழுத்துப் பரப்பினால் இடைவெளி வரத்தானே செய்யும்? இரண்டு பத்தியாக்கி, இடப்பக்கம் மட்டும் நேர்படுத்துங்கள். எழுத்து 10 பாயின்ட் என்றால் வரிக்கு 15 அல்லது 16 பாயின்ட் இடம் கொடுங்கள். மேல்வரியின் ‘கு’, ‘ரு’ கீழ்வரியின் ‘கீ’யோடு மோதாது.

கொம்புச் சிக்கல் வேறு. யூனிகோடு எழுத்தை மென்பொருள் சரியாகக் கோக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறும். ஒருவர் பாமினியிலும் (யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு) இன்னொருவர் யூனிகோடிலும் தட்டச்சு செய்திருந்தால் குழப்பம் கூடும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே பக்கம் கட்டுங்கள். பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில், பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரைத் தேர்வு செய்யவேண்டும். இலவசமாக வேண்டுமானால் ஸ்கிரைபஸின் புதிய பதிப்பு தமிழைச் சரியாகக் காட்டும். உடலெழுத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ் நன்றாக இருக்கும். கவிவனார் எழுத்துரு தலைப்புக்கு மட்டும். அதில் முழுக் கட்டுரை படிக்கக் கண் வலிக்கும்.

கேள்வி: திரையில் பளிச்சென்று இருந்த சாம்பார், அச்சில் சேற்று நிறமாகிவிட்டது. ஏன்?
– கேட்டரிங் மாணவர், மதுரை

பதில்: திரை ஒளியால் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. அச்சின் நான்கு மை நிறமுறையான சிஎம்ஒய்கே-வுக்கு மாற்றும்போது பளீர்ப் பச்சையும் ஆரஞ்சும் அடங்கிவிடும். மாற்றிப் பார்த்த பிறகு நிறம் திருத்துங்கள். பழுப்புக் குழம்பைப் பழுப்பு மேசையில் வைத்து எடுத்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. வாழையிலையோ வெள்ளைக் கிண்ணமோ வையுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலோரம், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். மேப்லித்தோ மையை உறிஞ்சுவதால் அதில் படம் இன்னும் மங்கும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் பெரும்பாலும் நீளவாட்டில் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் அது 13.5 சென்டிமீட்டருக்குத்தான் காணும். முழுப்பக்கப் படத்துக்கு ஓரக் கூடுதலோடு சுமார் 2550 × 3580 பிக்சல் தேவை. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘ஒரு டம்ளர்’, ‘ஒரு கரண்டி’ என்றே பலர் எழுதித் தருகிறார்கள். அப்படியே போடலாமா?
– உதவி ஆசிரியர் குழு, சேலம்

பதில்: போடலாம், முதல் பக்கத்திலேயே ‘1 டம்ளர் = 200 மில்லி’ என்று அளவை முடிவு செய்து அறிவித்தால். பொருட்கள் சேர்க்கும் வரிசையிலேயே பட்டியல் இருக்கட்டும். ‘தேவையான அளவு’ உப்புக்கு மட்டும். புளிக்கு அப்படி எழுதினால் குழம்பு ஆளுக்கொரு புளிப்பாக வரும்.

கேள்வி: அச்சுக்கு முன் வரும் ப்ரூஃபில் (சோதனைப் படி) எதைப் பார்ப்பது?

பதில்: கட்டுரையைப் பல தடவை படித்திருப்பீர்கள், இனிக் கண்ணுக்குப் பிழை படாது. எண்களை மட்டும் தனியாக ஒருவர் பாருங்கள்: கிராம், நிமிடம், பொருளடக்கத்தின் பக்க எண், விளம்பரத் தொலைபேசி எண். குறிப்பாக ¼, ½ எல்லாம் எழுத்துரு மாறும்போது கட்டமாகிவிடுகின்றன.