பாம்புக்கடி: ஊசிக்கு முன்னால் அந்த 20 நிமிடம் எதற்கு?

கேள்வி: வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன அப்பாவை ராத்திரி பாம்பு கடித்துவிட்டது. காலில் துண்டை இறுக்கிக் கட்டி, அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். அங்கே ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் வைத்துவிட்டு, 20 நிமிடம் கழித்துத்தான் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை. போனவுடனே போட்டிருக்கக் கூடாதா?

பதில்: கடிபட்டவரின் பக்கத்தில் நிற்பவருக்கு 20 நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் அப்பாவுக்கு மருந்து தேவை என்று சொன்னதே அந்தக் குழாய்தான்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இரண்டின் நஞ்சும் ரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துவிடும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்போம். நல்ல ரத்தம் தயிர்போல் கட்டியாகி அடியிலேயே நிற்கும். நஞ்சு ஏறியது தண்ணீராக ஓடிவரும். பிளாஸ்டிக் குழாயில் இதை நம்ப முடியாது; சோப்பு ஒட்டியிருக்கும் குழாயும் ஏமாற்றிவிடும்.

சரி, எல்லோருக்கும் உடனே மருந்தைப் போட்டுவிட்டால் என்ன? கடிக்கிற பாம்பெல்லாம் விஷப் பாம்பு இல்லை. விஷப் பாம்பே கடித்தாலும் சில சமயம் நஞ்சு இறங்காது. இந்த மருந்தோ குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் இருளர்கள் பாம்பிடமிருந்து எடுத்துக் கொடுக்கும் நஞ்சை வைத்துத் தயாராவது. உயிர்காக்கும் இதே மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தந்து மூச்சை அடைக்கும். அந்த ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஏற்றுவோம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஈறில் ரத்தம் கசிந்தாலோ, இமை தொங்கினாலோ குழாய்க்காகக் காத்திருக்கக் கூடாது, உடனே மருந்து. அப்பாவுக்கு அப்படி ஏதாவது இருந்திருந்தால் உங்கள் ஆதங்கம் நியாயமானது.

குழாய் காட்டிக்கொடுக்காத பாம்புகளும் உண்டு. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும், ரத்தம் எப்போதும்போல் உறையும். எனக்கு அதிகக் கவலை கட்டுவிரியன்தான். தரையில் படுத்துத் தூங்குபவரை ராத்திரியில் கடிக்கும். வலி பெரிதாக இருக்காது, கடிவாயும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். வீட்டில் வாயுத் தொல்லை என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். தலையை நிமிர்த்தாமல் மேலே பார்க்கச் சொல்லுங்கள். இமை ஏறவில்லையென்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். அடுத்து நிற்கப்போவது மூச்சு.

இனி யாருக்கும் இறுக்கிக் கட்டாதீர்கள். ரத்த ஓட்டம் நின்று கால் போய்விடும். கட்டையோ ஸ்கேலோ வைத்துக் காலை ஆடாமல் தளர்வாகச் சுற்றி, நடக்கவிடாமல் கொண்டுபோங்கள். ஏற்கெனவே யாராவது இறுக்கிக் கட்டிவிட்டிருந்தால் அதை ஆஸ்பத்திரியில்தான் அவிழ்க்க வேண்டும். பாம்பைத் தேடி அடிக்கப் போய் இன்னொருவர் கடிபடுவதும் நடக்கிறது.

அப்பாவுக்கு வருகிறேன். கடித்தது கண்ணாடி விரியனாக இருந்தால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். சிறுநீர் குறைகிறதா, நிறம் கறுக்கிறதா, முகமோ காலோ வீங்குகிறதா என்று பாருங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே ஒரு தடவை செய்துவிடுங்கள்.